உடம்பு கூப்பிடுகிறது... கேட்கிறதா?

ஓவர்லாக் மெஷின்கள் வரிசையாக ஓடும் ஹாலில் நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். சாதாரணக் குரலில் சொன்னால் காதில் விழாது. கிட்டே போய்க் கத்த வேண்டும். அப்படியானால், அதே ஹாலில் காலையில் உட்கார்ந்து ஒன்றரை ஷிப்ட் முடித்து எழுந்திருக்கும் ஒருவருக்கு அவருடைய சொந்த உடம்பு சொல்வது எப்படிக் கேட்கும்? உடம்பு என்ன, மைக் வைத்தா பேசுகிறது?

திருப்பூருக்கு வடக்கே நெருப்பெரிச்சல் பக்கம் வசிப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பனியன் தொழிலோடு சம்பந்தமே இல்லாத வீடு குறைவு. சொந்தமாகப் பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவர், கம்பெனி ஆபீசில் கணக்குப் பார்ப்பவர், மெர்ச்சண்டைசராக ஓடிக்கொண்டிருக்கும் மகன், செக்கிங் டேபிள் முன் நாள் முழுக்க நிற்கும் மருமகள். எல்லோருக்கும் ஒரே கடிகாரம். அதன் பெயர் ஷிப்மெண்ட்.

இப்படி ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் வீட்டுக்காரர். சாப்பிட மனமில்லை.

"ஏனுங்க, மூஞ்சியே ஒரு மாதிரி இருக்குது. உடம்புக்கு என்னங்க பண்ணுது?"

"ஒண்ணுமில்ல அம்மிணி, கேஸ் புடிச்சிருக்கும். சனிக்கிழமை சரக்கு போகோணும். அப்புறம் பார்த்துக்கலாம்."

இந்த 'அப்புறம் பார்த்துக்கலாம்' இருக்கிறதே, அது டாக்டர்களுக்கு நன்றாகப் பழக்கமான வார்த்தை. கணவரின் முகவாட்டத்தை உடனே கண்டுபிடித்த அந்த அம்மாள் மட்டும் என்ன செய்கிறார்? ஆறு மாதமாக மாதவிலக்கின்போது அதிகமாகப் போகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. 'வயசாகுதில்ல' என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார். ரத்தசோகையாக இருக்கலாம் என்று யாராவது சொல்லும் வரை அவர் கவனிப்பதில்லை.

தியானம், தவம் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு உடம்பை மறந்துவிடுவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்தக் கட்டுரையில் சொல்லப்போவது அதற்கு நேர் எதிரானது. இயற்கையின் மடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, உடம்பை நினைவுக்குக் கொண்டுவருவது.

உள்ளே ஓடும் தபால்

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐந்து புலன்களைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். இவை வெளியுலகச் செய்தியைக் கொண்டு வருபவை. உள்ளே நடப்பதைச் சொல்வதற்கும் ஓர் உணர்வு இருக்கிறது. பசி, தாகம், நெஞ்சுத் துடிப்பு, மூச்சு முட்டல், வயிறு நிறைந்தது, சிறுநீர் வருவது, உடம்பு சுடுவது, இதெல்லாம் அந்தக் கணக்கில் சேரும். இங்கிலாந்தின் நரம்பியல் மேதை சார்லஸ் ஷெரிங்டன் 1906-ல் வெளியிட்ட நூலிலேயே இந்த உள் உணர்வுக்குத் தனிப் பெயர் வைத்துவிட்டார். ஆனால் மருத்துவ உலகம் இதைத் தீவிரமாக ஆராயத் தொடங்கியது கடந்த சில பத்தாண்டுகளில்தான்.

மூளையிலிருந்து புறப்பட்டு நெஞ்சு, வயிறு வரை இறங்கும் வேகஸ் என்ற நரம்பு ஒன்று உண்டு. மூளை உறுப்புகளுக்கு உத்தரவு போடுவதற்கான கம்பி என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் அதன் இழைகளில் பெரும்பகுதி எதிர்த் திசையில் வேலை செய்கிறது. உறுப்புகள் மூளைக்குத் தபால் போட்டுக்கொண்டே இருக்கின்றன. மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலா என்ற பகுதி, அந்தத் தபாலைப் பிரித்துப் படிக்கும் முக்கியமான இடம்.

தபால் வருவது நிற்பதில்லை. நாம்தான் பிரிப்பதில்லை.

சிறுநீர்ப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு அதில் ஏறக்குறைய 400 முதல் 600 மில்லி வரை கொள்ளும். ஆனால் 200 மில்லி சேரும் முன்பின்னாகவே முதல் குறிப்பு வந்துவிடும். 'இன்னும் ரெண்டு பண்டல் முடிச்சுட்டுப் போயிக்கலாம்' என்று தள்ளிப் போடுகிறோம். குறிப்பு அடங்கிவிடுகிறது. அரை மணி கழித்து மறுபடி வருகிறது, மறுபடி தள்ளுகிறோம். இதை வருடக்கணக்கில் செய்தால், அந்த முதல் குறிப்பைக் கவனிக்கிற பழக்கமே போய்விடும். முட்டிக்கொண்டு வரும்போதுதான் தெரியும். பாத்ரூம் போக வேண்டி வருமே என்று தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் எத்தனை பேர்! சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கும் கல்லுக்கும் இதைவிட நல்ல வரவேற்பு கிடையாது. பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் குறைவு என்பதால் கிருமிகள் சுலபமாக மேலே ஏறிவிடும். இதில் உடம்பை மட்டும் குறை சொல்ல முடியாது. டீ டைமில் மட்டும்தான் எழுந்து போகலாம் என்று சூப்பர்வைசர் முறைத்துப் பார்க்கும் இடத்தில், உடம்பு சொல்வதைக் கேட்கிற உரிமையும் பறிபோய்விடுகிறது. சிறிய யூனிட் நடத்தும் முதலாளிமார்கள் இந்த வரியைக் கொஞ்சம் நின்று படிக்கலாம்.

வயிறு விஷயமும் இதே கதைதான். போதும் என்ற செய்தி வயிற்றிலிருந்து மூளைக்கு முழுமையாகப் போய்ச் சேர 20 நிமிடம் போல ஆகும். பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிப்பவருக்கு அந்தத் தபால் கை கழுவிய பிறகுதான் கிடைக்கும்.

கூப்பிடு தூரத்தில் ஒரு குளம்

சரி, இந்தக் கேட்கும் பழக்கத்தை எங்கே போய்த் திரும்பப் பழகுவது? இமயமலைக்குப் போக வேண்டாம். நெருப்பெரிச்சல்காரர்களுக்கு வீட்டுப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. அதுதான் நஞ்சராயன் குளம். சர்க்கார் பெரியபாளையம், நெருப்பெரிச்சல் என்ற இரண்டு கிராமங்களின் எல்லைக்குள் சுமார் 125 ஹெக்டேர் பரப்பில் கிடக்கிறது. நல்லாற்றுத் தண்ணீரால் நிரம்பும் பழங்குளம். முற்காலத்தில் இதைச் சீரமைத்த நஞ்சராயன் என்ற அரசரின் பெயரே நிலைத்துவிட்டது என்பார்கள். 2022-ல் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம் பிடித்த செய்தி வந்தது. இங்கே பதிவான பறவை இனங்கள் மட்டும் 191. வண்ணத்துப்பூச்சிகள் 87 வகை.

நல்லாற்றின் வழியாக ஊர்க் கழிவுநீரும் வந்து கலப்பது இந்தக் குளத்தின் நீண்டகால வேதனை. சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாடும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் திருப்பூர்க்காரர்களுக்கு மறக்கக்கூடிய விஷயமா? ஆகவே 'இயற்கையோடு ஒன்றுகிறேன்' என்று தண்ணீரில் காலை நனைப்பது, முகம் கழுவுவது எல்லாம் வேண்டாம். கரையில் இருந்தாலே போதும். வனத்துறை சொல்லும் நேரத்தில், அனுமதித்த இடத்தில் மட்டும் உட்காருங்கள். பறவைகளுக்குப் பொரி போடுவதும், செல்போனில் பாட்டு வைப்பதும் கூடவே கூடாது.

நீர்நிலையும் மரமும் எதற்கு, வீட்டு ஹாலில் உட்கார்ந்தால் போதாதா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களின் பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். 23 பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. இன்னொரு 23 பேருக்குச் செங்கல் சுவர்தான் தெரிந்தது. மரம் பார்த்தவர்கள் சராசரியாகக் கொஞ்சம் சீக்கிரமே வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. வித்தியாசம் ஒரு நாளுக்கும் குறைவுதான். இருந்தாலும் ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதற்கு இவ்வளவு மதிப்பா என்று பலரை யோசிக்க வைத்த ஆய்வு அது. ஜப்பானில் 1982-ல் அரசின் வனத்துறையே 'காட்டுக் குளியல்' என்று பெயர் வைத்து மக்களைக் காட்டுக்குள் மெதுவாக நடக்கச் சொன்னது. இதையெல்லாம் வைத்து, குளத்தைப் பார்த்தால் சர்க்கரை இறங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனம் தணியும், உடம்பைக் கவனிக்க அவகாசம் கிடைக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

தறியிலிருந்து வந்த ஒருவர்

உடம்பைக் கவனிப்பதை ஆன்மிகத்தின் முதல் படியாக வைத்தவர்கள் நம் ஊரில் உண்டு. திருமூலர் உடம்பைப் பகையாகப் பார்க்கவில்லை. அண்மைக் காலத்தில் கொங்கு நாட்டு வீடுகளில் அதிகம் பழக்கமான பெயர் வேதாத்திரி மகரிஷி. 1911 ஆகஸ்ட் 14-ல் சென்னைக்கு அருகே கூடுவாஞ்சேரியில் ஏழை நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்கார்ந்து வளர்ந்தவர், பின்னர் கைத்தறித் துணி உற்பத்தியும் செய்தவர். துணித் தொழிலாளியின் முதுகு எப்படி வலிக்கும் என்று புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர் இல்லை! 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1984-ல் பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலை அடிவாரத்தில், ஆழியாறில் அறிவுத் திருக்கோயிலை அமைத்தார். 2006 மார்ச் 28-ல் மறைந்தார்.

அவருடைய மனவளக்கலையில் தவத்துக்கு இணையாக எளிய முறை உடற்பயிற்சிக்கும் இடம் உண்டு. கைப்பயிற்சி, கால் பயிற்சி என்று தொடங்கி கடைசியில் உடல் தளர்த்தலில் முடியும். மல்லாந்து படுத்து, கால் விரலிலிருந்து தலை வரை ஒவ்வொரு பாகமாக மனதைக் கொண்டுபோவார்கள். பஞ்சபூதங்களையும் கிரகங்களையும் நினைத்துச் செய்யும் தவமும் அவர் பாடத்தில் உண்டு. நிலம், நீர், நெருப்பு, காற்று, விண் என்று வெளியே எது இருக்கிறதோ, அதுவே நம் உடம்பிலும் இருக்கிறது என்ற பழைய சித்தர் பார்வைதான் இதற்கு அடிப்படை.

அந்தத் தவங்களை முறையாகக் கற்க விரும்புகிறவர்கள் மன்றத்துக்குப் போய் ஆசிரியரிடம்தான் கற்க வேண்டும். பத்திரிகையைப் பார்த்துச் செய்யக்கூடாது. கீழே வருவது, அந்த ஐந்து பூதங்களையும் ஒரு ஞாபகக் குறிப்பாக வைத்துக்கொண்டு, எந்த மதத்தவரும், கடவுள் நம்பிக்கை இல்லாதவரும்கூடச் செய்யக்கூடிய ஒரு கவனிப்புப் பாடம். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்

காலை வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். வெறும் வயிறாக வேண்டாம், குறிப்பாகச் சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள். தரையில் உட்கார முடியாதவர்கள் மடக்கு நாற்காலி எடுத்துப் போகலாம். கண்ணை மூட வேண்டும் என்று அவசியமில்லை. முதல் ஐந்து நிமிடம் எதுவும் செய்யாதீர்கள். மனம் கம்பெனிக்குப் போகும், பேங்க் லோனுக்குப் போகும், போகட்டும்.

பிறகு நிலத்திலிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் எடை எங்கே இறங்குகிறது? இரண்டு பக்கமும் சமமா? வருடக்கணக்கில் ஒரு காலால் மெஷின் பெடலை மிதித்தவர்களுக்கு ஒரு பக்கம் இறுகியிருப்பது இங்கேதான் முதல் தடவையாகத் தெரியும். தோள்கள் காதை நோக்கித் தூக்கிக்கொண்டு நிற்கின்றனவா? பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா? சரிசெய்ய அவசரப்படாதீர்கள். கவனித்தாலே பாதி தானாக இறங்கும்.

அடுத்து நீர். வாய் உலர்ந்திருக்கிறதா? எச்சில் ஊறுகிறதா? கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள், காலையில் போன சிறுநீர் என்ன நிறம்? அடர் மஞ்சள் என்றால் உடம்பு தண்ணீர் கேட்கிறது என்று பொருள். (வயதாக ஆகத் தாக உணர்வே மங்கிவிடும். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் கேட்கும் வரை காத்திருக்காமல் தம்ளரைக் கையில் கொடுங்கள்.) நெருப்பு என்பது வயிற்றில் பசி, உள்ளங்கையில் சூடு. எழுந்ததும் பசித்ததா, அல்லது நேற்று ராத்திரி பத்தரைக்குச் சாப்பிட்ட புரோட்டா இன்னும் நெஞ்சில் நிற்கிறதா?

காற்றுக்கு மட்டும் கொஞ்சம் அதிக நேரம் கொடுங்கள். இதற்குக் குளத்தில் ஓர் ஆசிரியர் இருக்கிறார். முக்குளிப்பான் என்ற குட்டிப் பறவை. தண்ணீர் மேல் உருண்டையாக மிதந்துகொண்டிருக்கும், திடீரென்று தலைகீழாக மூழ்கும், சற்றுத் தள்ளி மேலே வரும். அது மூழ்கியதும் உங்கள் மூச்சை எண்ணத் தொடங்குங்கள். மேலே வருவதற்குள் எத்தனை மூச்சு? மூச்சை அடக்க வேண்டாம், மாற்ற வேண்டாம், எண்ணினால் போதும். நிம்மதியாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். உட்கார்ந்ததும் ஒரு கணக்கு, இருபது நிமிடம் கழித்து இன்னொரு கணக்கு எடுங்கள். பலருக்குக் குறைந்திருக்கும். மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பின் பிடி கூடி, இதயம் சற்று நிதானமாகத் துடிக்கும். ஆகவே விடும் மூச்சு கொஞ்சம் நீளட்டும். அது ஒன்றே போதும், வேறு வித்தை தேவையில்லை. பனிக்காலத்தில் போனால் பட்டைத்தலை வாத்துகளைப் பார்க்கும் யோகமும் கிடைக்கலாம். இமயமலையைத் தாண்டிப் பறக்கிற இனம். ஆழமாக மூச்சு வாங்கும் திறனும், மெல்லிய காற்றிலும் பிராணவாயுவைக் கவ்விப் பிடிக்கும் ரத்தமும்தான் அதன் ரகசியம்.

கடைசியில் விண். அதாவது வெற்றிடம். சத்தத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் வரும் இடைவெளியைக் கேளுங்கள். தூரத்து லாரி, ஒரு நாமக்கோழியின் கூப்பாடு, பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததில் சிலருக்குத் தங்கள் இதயத் துடிப்பே தெரியும். தெரியாவிட்டால் கவலை வேண்டாம், நாடியில் கை வைக்காமல் துடிப்பை உணர்வது ஆளுக்கு ஆள் வேறுபடும். பக்தி உள்ளவர்களுக்கு இது பிரார்த்தனை நேரமாகவும் அமையும். எனக்குத் தெரிந்து, கோயிலில் நின்றுகொண்டு செருப்பைப் பற்றி யோசிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

குளத்துக்குப் போக வழியில்லாத வீட்டில் மொட்டை மாடி உண்டு, வாசல் வேப்பமரம் உண்டு. முக்குளிப்பானுக்குப் பதில் ஒரு காக்கை ஒரே கிளையில் எவ்வளவு நேரம் உட்காருகிறது என்று பாருங்கள்.

எல்லோருக்கும் ஒத்து வருமா?

வராது. எதற்கெடுத்தாலும் பயம், திடீர் படபடப்பு என்று அவதிப்படுகிறவர்கள் உடம்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தால் படபடப்பு அதிகமாகலாம். அவர்கள் கவனத்தை வெளியே, பறவை மீதும் இலை மீதும் வைக்கட்டும். டாக்டரிடமும் சொல்லட்டும். மனம் உடைந்து போயிருக்கிறவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள், கூடப் போங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. சில நோய்கள் பேசவே பேசாது. ரத்தக்கொதிப்பு பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் காட்டாது. தலை சுற்றவில்லை, அதனால் பி.பி. இல்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். சர்க்கரையும் ஆரம்பத்தில் அப்படித்தான். நாளான சர்க்கரையில் கால் மரத்துப்போனால், முள் குத்தினாலும் உடம்பு சொல்லாது. அங்கே கண்ணால்தான் பார்க்க வேண்டும், தினமும் ராத்திரி உள்ளங்காலைத் திருப்பி. நான் என் உடம்பைக் கேட்கிறேன் என்று சொல்லி யாரும் மாத்திரையை நிறுத்தக்கூடாது. முப்பது வயது தாண்டியவர்கள் உடம்பு சொல்லும் வரை காத்திருக்காமல் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு கிடையாது.

உடம்பு உரக்கக் கத்தும் நேரமும் உண்டு. நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்தம், அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை. இதைக் கேஸ் என்று சோடா குடித்துப் பார்க்காதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலி இல்லாமல் வெறும் மூச்சுத் திணறல், காரணமில்லாத அசதி, குமட்டலாகவும் மாரடைப்பு வரும். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராதது, பேச்சுக் குழறுவது பக்கவாதத்தின் அடையாளம். அடைப்பைக் கரைக்கும் ஊசி பலனளிக்க நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதற்குள் அடக்கம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சனிக்கிழமைச் சரக்கை வேறு யாராவது ஏற்றிக்கொள்வார்கள்.

வீட்டில் ஒரு பழைய டைரியை எடுத்து வையுங்கள். குளத்திலிருந்து வந்ததும் இரண்டு வரி போதும்: தூக்கம், பசி, மலச்சிக்கல், வலி இருந்த இடம், பெண்கள் மாதவிலக்குத் தேதி. டாக்டரிடம் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள். 'எத்தனை நாளா வலி?' என்று அவர் கேட்டதும் கணவன் மனைவி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் காட்சி நடக்காது. கணவருடையதை மனைவியும் மனைவியுடையதைக் கணவரும் எழுதினால் இன்னும் விசேஷம். நமக்கு நாமே மறைப்பதைக் கூட இருப்பவர் பிடித்துவிடுவார். அந்த அம்மாளின் மாடிப்படி மூச்சுத் திணறலை வீட்டுக்காரர் ஒரு வரி எழுதி வைத்திருந்தால், ஹீமோகுளோபின் பரிசோதனை ஆறு மாதம் முன்பே நடந்திருக்கும்.

இன்னொன்று: அரை மணி உட்கார்ந்த பிறகு சட்டென்று எழாதீர்கள், பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கிறுகிறுக்கும். காலை நீட்டி மடக்கி, எதையாவது பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, கொண்டுபோன தண்ணீரைக் குடித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.